தெருவாரியாக வேண்டாம் என்றேன்

கண்ணு,

நீ ஏறிய பஸ் இந்நேரம் அரூரைத் தாண்டியிருக்கும். சித்தேரி மலைக்கு வண்டி கிடைத்ததா, உட்கார இடம் இருந்ததா, பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் ராத்திரி போனில் கேட்டுக்கொள்வேன். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் பழைய விடைத்தாள் கட்டிலிருந்து எழுதாத தாள்களாகப் பார்த்து உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பனும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. அது என்னால் வந்த பழக்கம். இதை நீ மறைத்து வைக்க வேண்டாம். உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் கேட்டாலும் காட்டு, நம் தெருக்காரர்கள் கேட்டாலும் காட்டு.

நேற்று காலை சாப்பிடும்போது நீ சொன்னாய்: "எட்டாவதுக்கு மொதல்ல புள்ளியியல்தான்பா எடுக்கப் போறேன். நீங்க எங்களுக்குச் சொன்ன மாதிரியே பசங்கள ஊருக்குள்ள அனுப்பி எண்ணிக்கிட்டு வரச் சொல்லுவேன். நம்ம பல்லு கிராஃப் கதைய எடுத்து வுட்டா போதும், கடத்தூர்ல மொதப் பரிசு வாங்குன கதைய. பசங்க நோட்டத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவாங்க." உன் அம்மா பெருமையாகச் சிரித்தாள். நான் இட்லியைப் பிட்டபடி தலையை ஆட்டினேன். அந்தக் கதையை நீ பிள்ளைகளிடம் சொல்லாதே. சொல்வதானால் முழுசாகச் சொல்ல வேண்டும், முழுசும் உனக்குத் தெரியாது.

முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வரைபடம் என்று நான் சொல்லிக்கொடுத்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தலைப்பு எழுது, அரை மார்க். அச்சு இரண்டுக்கும் பெயர் எழுது, அரை மார்க். வலது மூலையில் அளவுத்திட்டம் எழுது, அதை மறந்தால் போச்சு. பட்டைகளுக்கு நடுவே சமமாக இடம் விடு, பென்சிலைக் கூராகச் சீவு. இவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் இன்னும் கேவலம். வாய்ப்பாடே வராத பிள்ளைகளைச் சாயங்காலம் உட்கார வைத்து, வரைபடக் கணக்கில் நாலைந்தை மட்டும் கைப்பழக்கமாக வரைய வைப்போம். கோடு எந்தக் கட்டத்தில் வளைய வேண்டும் என்பது அவர்களுடைய விரலுக்குத் தெரியும், தலைக்குத் தெரியாது. ஒரு வருடம் ஒரு பெண், படிப்பு கொஞ்சமும் ஏறாத பெண், அப்படி ஒரு வளைகோட்டைப் பிசிறில்லாமல் வரைந்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "இது என்னா சார்?" என்றாள். "எட்டு மார்க்கும்மா" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இது என்ன சொல்கிறது என்று ஒரு வரைபடத்தைப் பார்த்து என்னிடம் கேட்டவர்கள் என் காலத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் நீ.

நீ எட்டாவது படித்த வருடம் என் வகுப்பில்தான் இருந்தாய். வீட்டில் அப்பா, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் சார். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு அடி என்றால் உனக்கு இரண்டு, வாத்தியார் மகனுக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பார். ஊருக்குள் போய் ஏதாவது ஒன்றை எண்ணிக்கொண்டு வந்து பட்டை வரைபடம் போடுங்கள் என்றேன். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது இனிமேல் உனக்கே தெரியும். வீட்டில் உட்கார்ந்தபடி ஆடு இத்தனை, மாடு இத்தனை, புளியமரம் இத்தனை என்று வாய்க்கு வந்ததை எழுதிக்கொண்டு வருவார்கள். வாத்தியார் என்ன மரம் மரமாகப் போய் எண்ணவா போகிறார்? நீதான் நிஜமாகவே கிளம்பினாய். நம்மூர் ஐந்து தெருவிலும் நம் உயர்நிலைப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளை நிறுத்தி, "ஈ காட்டு" என்று சொல்லிப் பல்லைப் பார்த்து, காவிக்கறை இருந்தால் நோட்டில் ஒரு கோடு. எதிர்வீட்டு மாதம்மா அன்று வாசலில் வந்து நின்ற கோலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "வாத்தியாரே, உங்க பையன் எம்பொண்ண நடுத்தெருவுல நிக்க வெச்சி வாயத் தொறங்கறான். சந்தையில மாடு புடிக்க வந்தவனாட்டம் பல்லப் பாக்கறான்!" உன் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். ஏன்டா பல்லு என்று உன்னைக் கேட்டேன். பக்கத்து ஊர்ப் பையன்கள் உன்னைக் காவிப் பல்லன் என்று கூப்பிடுவதாகச் சொன்னாய். அதை ஒரு வருத்தமாகக்கூட நீ சொல்லவில்லை.

திங்கட்கிழமை உன் நோட்டு என் மேசைக்கு வந்தது. ஐந்து தெருவுக்கு ஐந்து பட்டை. நாலு குட்டை. ஐந்தாவது, நம் தெரு, தாளின் மேல் விளிம்பு வரைக்கும் போயிருந்தது. உன்னையும் அதில் ஒரு கோடாகச் சேர்த்திருந்தாய். அடியில் பென்சிலால், "சார், நம்ம தெருவுல மட்டும் ஏன்?" என்று ஒரு வரி. நான் சிவப்புப் பேனாவால் 'அளவுத்திட்டம் எங்கே?' என்று எழுதி அரை மார்க் குறைத்தேன். அன்றைக்கு நான் அதைத் திருத்தினேனே தவிரப் படிக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வாத்தியார் புத்தி, மார்க் போடுவதிலேயே போய்விட்டது என்று. அது பொய் கண்ணு. நான் படித்தேன். ஒரே பார்வையில் படித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அளவுத்திட்டம் எங்கே என்று கேட்டேன்.

நம் தெருவுக்கும் மற்ற நாலு தெருவுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், தண்ணீர். அவர்களுக்கு ஊர்ப் பொதுக்கிணறு. உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது, நாக்கில் வைத்தால் கரிக்கும். நமக்கு போர்வெல். அது வருவதற்கு முன்னால் நம் தெருப் பெண்களும் அந்தக் கிணற்றுக்குத்தான் ஊரின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தார்கள். உன்னை ஒரு இடுப்பிலும் குடத்தை ஒரு இடுப்பிலும் வைத்துக்கொண்டு உன் அம்மா வருவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் மனு எழுத ஆரம்பித்தேன். தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, தர்மபுரிக்குக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எத்தனை திங்கட்கிழமை போனேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியில் போர் லாரி வந்தது. மேலே ஈரமே இல்லை. பாறையைக் குடைந்துகொண்டு கீழே கீழே போய், எல்லோரும் நம்பிக்கை விட்ட நேரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். கிணற்றுத் தண்ணீருக்குப் பழகிய நாக்குக்கு அது தித்தித்தது. 'வாத்தியார் போர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மற்ற தெருக்காரர்கள் குடத்தோடு வந்தபோது நம் தெருக்காரர்கள் விடவில்லை, சண்டை போட்டு விரட்டினார்கள். இந்த வாழ்க்கையில் நாலு பேர் என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டது அந்த போருக்காகத்தான்.

நீ நோட்டைக் கொண்டுவந்த வருடம் அந்த போருக்குப் பத்து வயது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தண்ணீரைப் பற்றிப் பேச வந்தவர், நம் பக்கத்துப் பாறைக்கு அடியிலிருந்து எடுக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருக்கலாம், பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறும், வருடக்கணக்கில் குடித்தால் பெரியவர்களுக்கு எலும்பில் ஏறும் என்றார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். தர்மபுரி மாவட்டத்தில் காவிப் பல் ஒன்றும் அதிசயமில்லை, அதனால் அதை யாரும் பார்ப்பதில்லை. நீ பார்த்தாய். பார்த்ததை எண்ணினாய். எண்ணியதைப் பட்டையாக நிற்க வைத்து என் மேசையில் கொண்டுவந்து வைத்தாய். ஒரு வாத்தியார் தன் பிள்ளையிடம் இதைவிட வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

மறுநாள் உன்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். கடத்தூர் கண்காட்சிக்கு உன் வரைபடத்தை அனுப்பலாம் என்று சொன்னதும் உன் முகம் பூரித்துப் போனது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே நான் சொன்னேன். "தெருவாரியா வேணாம்பா. வகுப்புவாரியா போடு. ஆறாவது, ஏழாவது, எட்டாவது, ஒம்பதாவது, பத்தாவது. அப்பத்தான் பாக்க நல்லா இருக்கும்."

"அதே பசங்கதான சார்?"

"அதே பசங்கதான். வேணும்னா கூட்டிப் பாரு, மொத்தம் மாறாது."

நீ கூட்டிப் பார்த்தாய், மொத்தம் மாறவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்து கிடந்தார்கள். ஐந்து பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், அணிவகுப்பில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி வந்து நின்றன. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. ஒரு பிள்ளையைக்கூட மறைக்கவில்லை. யார் வந்து சரிபார்த்திருந்தாலும் ஒரு பிழை கண்டுபிடித்திருக்க முடியாது. நம் தெரு மட்டும் காணாமல் போயிருந்தது. அந்த வரைபடத்துக்கு அடியில் நீ எந்தக் கேள்வியும் எழுதவில்லை, கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. கடத்தூரில் பார்வையிட வந்தவர், "பட்டையெல்லாம் என்னா அளவா, அழகா வந்திருக்கு பாருங்க, சொந்தமா எண்ணிக்கிட்டு வந்திருக்கான்" என்று முதுகில் தட்டினார். பரிசு வாங்குகிற போட்டோவில் நீ உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறாய். நம் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவோம், ஏமாற்றுவதையும் தண்ணி காட்டுவது என்போம். நான் நம் தெருவுக்குக் காட்டியது இரண்டும்தான்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கலாம். உன் முதல் வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பழைய மனு எழுதிய அதே கையால் இன்னொரு மனு எழுதியிருக்கலாம். உப்பாக இருந்தாலும் பொதுக்கிணறு அங்கேதான் இருந்தது. ஆனால் நான் கொண்டுவந்த தண்ணீர் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அந்தத் தெருவில் நின்று என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மறுபடியும் அந்தக் கோடி வரைக்கும் நடங்கள் என்று யாரிடம் சொல்வேன்? மாதம்மாவிடமா? உன் அம்மாவிடமா? மூன்று வருடம் கழித்து ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தபோது, சரி, இத்தோடு தப்பித்தோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அது இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. மருந்து வாடை அடிக்கிறது என்று உன் அம்மா அதைத் துணி துவைக்க ஒதுக்கிவிட்டு, குடிக்கவும் சோறாக்கவும் போர் தண்ணீரையே வைத்துக்கொண்டாள். நீ காலேஜ் ஆஸ்டலுக்குப் போய்விட்டாய். எனக்குப் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் போய்விடும். வீட்டிலேயே இருந்து காலை முதல் இரவு வரைக்கும் அதையே குடித்தவள் அவள் ஒருத்திதான். குழாய்த் தண்ணியைக் குடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். கூடவே ஏன் என்றும் கேட்டிருப்பாள். அந்த ஏனுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

அவளுக்கு இடுப்பு பிடிக்க ஆரம்பித்தபோது நீ பி.எட். படித்துக்கொண்டிருந்தாய். சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்த டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது, "எந்த ஊருங்க?" இரண்டாவது கேட்டது, "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" உன் அம்மா அப்போது உள்ளே புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் சொன்னேன். அவர் முதுகெலும்பைப் பென்சிலால் தொட்டுக் காட்டி, "இது ஏறுனது ஏறுனதுதாங்க, எறங்காது. வலிக்கு மாத்திர தரலாம். தண்ணிய மொதல்ல மாத்துங்க" என்றார். அன்று சாயங்காலமே தண்ணீரை மாற்றினேன். பத்து வருடம் செய்யாததை அரை நாளில் செய்ய முடிந்தது பார். கேன் தண்ணீர் வாங்கி வைத்து, டாக்டர் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். உனக்கு போனில் எலும்புத் தேய்மானம் என்றேன். அவளிடமும் அதையேதான் சொன்னேன். அவள் அதை நம்புவதோடு நிற்கவில்லை, அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறாள். போன மாதம் அவளைப் பார்க்க வந்த மாதம்மாவிடம், நான் காதால் கேட்கச் சொன்னாள்: "அந்தக் காலத்துல கொடம் கொடமா சொமந்தனே, அந்த நோவுதான் இப்பத் திருப்பிக் குடுக்குது. அவரு மட்டும் போர் கொண்டாரலன்னா நான் என்னைக்கோ படுத்திருப்பேன்." மாதம்மாவும் ஒரு கையைத் தன் இடுப்பில் ஊன்றியபடியே "ஆமாங்க, புண்ணியவான்" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இனி உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம். பிள்ளை முதல் வேலைக்குப் போகும்போது அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். வரைய வைப்பதற்கு முன்னால் ஒரு வரைபடத்தைக் காட்டி, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு. அளவுத்திட்டத்தைக் கடைசியில் கேள். அதே எண்களை ஒருமுறை தெருவாரியாகவும் ஒருமுறை வகுப்புவாரியாகவும் போட வைத்து, எதில் எது மறைந்தது என்று பிள்ளைகளையே தேடச் சொல். யாராவது ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினால், இதை இப்படிப் பிரித்தது யார், வேறு மாதிரி பிரித்தால் யாருக்குச் சங்கடம் என்று கேட்கக் கற்றுக்கொடு. இதெல்லாம் நல்ல பாடம்தான், சந்தேகமில்லை. ஆனால் இதில் எதுவும் எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தது, உன்னைவிட வேகமாகவே படித்தேன். படித்தும் இதைச் செய்தேன். அதனால் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஜனங்கள் உண்மையின் பக்கம் வந்துவிடுவார்கள் என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் அனுபவத்தில் அப்படி நடக்கவில்லை. நீ சொல்லிக்கொடுக்கப் போகிற பிள்ளைகளில் ஒருவன் நாளைக்கு என்னைப் போல ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான், அவனும் கெட்டவனாக இருக்க மாட்டான். அவனை என்ன சொல்லித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த ஒரு பட்டையை மட்டும் இல்லை. அதற்குப் பிறகு நீ எந்த நோட்டிலும் எனக்கு ஒரு கேள்வி எழுதியதில்லை. நல்ல மார்க் வாங்கினாய், சுத்தமாக வரைந்தாய், வாத்தியார் ஆகிவிட்டாய். நேற்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பரிசை நீ பெருமையாகச் சொன்னபோது, நான் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. என்னை மன்னித்துவிடு என்று எழுத நினைத்தேன். அதுவும் உன்னிடம் ஒரு வேலை வாங்குவதாகத்தான் இருக்கும். நீ கோபப்படு. போன் செய்யாமல்கூட இரு. அது உன் இஷ்டம், நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள், "யாருக்குங்க எழுதறீங்க, மறுபடியும் மனுவா?" பையனுக்கு என்றேன். "இப்பத்தான வூட்ட வுட்டுப் போனான், அதுக்குள்ள கடுதாசியா!" என்று சிரித்தாள். பிறகு, "நான் சொன்னேன்னு ஒண்ணு எழுதுங்க. மலைத் தண்ணி சேருமோ சேராதோ. நல்லா தளதளன்னு கொதிக்க வெச்சி, ஆற வெச்சிக் குடிக்கச் சொல்லுங்க. நான் இத்தன வருசமும் அப்படித்தான குடுத்தேன்" என்றாள். அப்படித்தான் கொடுத்தாள். தினமும் விடிந்ததும் ஒரு குண்டான் நிறைய போர் தண்ணீரைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, உனக்கும் எனக்கும் ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தனக்கு வைத்துக்கொள்வாள். ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர்தான் ஆவியாகிச் சுண்டும், அது அப்படியே தங்கி இன்னும் கெட்டியாகும். எனக்கு அது தெரியும். தெரிந்தே அந்த அடுப்பைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனேன். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன்.

இனி இதையெல்லாம் அவளிடமும் போய்ச் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவளுக்குக் கழுத்து திரும்பாது, உடம்பு மொத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டுதான் பார்ப்பாள். நானே சுற்றிப் போய் எதிரில் நின்று சொல்கிறேன்.

அப்பா